நம் மலைத் தொழிலுக்கு எந்தக் குறியீட்டு எண்? திறன் பணியாளர் குடியேற்றம் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குன்னூரை அடுத்த ஒரு தேயிலைத் தொழிற்சாலையின் அலுவலகத்தில் இருபத்திரண்டு ஆண்டுகள் வேலை பார்த்தேன். வேலையை விட்டுப் போகிறவர்களுக்குப் பணிச் சான்று எழுதுவது என் பொறுப்பாக இருந்தது. அந்தச் சான்றுகளில் சில கனடாவரை போய்த் திரும்பி வந்தபோதுதான், இரண்டு வரியில் நாங்கள் எழுதிக் கொடுத்த காகிதம் ஒரு குடும்பத்தின் திட்டத்தையே தடுத்துவிடும் என்று எனக்குப் புரிந்தது. ஓய்வுக்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் கோத்தகிரி, கூடலூர், பந்தலூர்ப் பக்கத்துப் பிள்ளைகள் காகிதங்களை எடுத்துக்கொண்டு வருகிறார்கள். கொடைக்கானலில் பேக்கரியிலும் பள்ளியிலும் வேலை செய்கிறவர்கள் தொலைபேசியில் கேட்கிறார்கள். நான் குடியேற்ற ஆலோசகன் அல்லன், யாரிடமும் பணம் வாங்குவதும் இல்லை. திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்த விடைகளை இங்கே எழுதி வைக்கிறேன். பெரும்பாலானவர்கள் கனடாவைப் பற்றியே கேட்பதால் விடைகளும் பெரும்பாலும் அதையே சார்ந்திருக்கின்றன.

தொழில் குறியீடு என்பது என்ன?

ஒரு நாட்டில் உள்ள எல்லா வேலைகளையும், செய்யப்படும் பணியின் தன்மையையும் அதற்கு வேண்டிய பயிற்சியையும் கொண்டு வகைபிரித்து, ஒவ்வொரு வகைக்கும் ஓர் எண் கொடுத்திருப்பதே தொழில் குறியீடு. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு இதற்கென ஒரு பொதுவான வகைப்பாட்டை வைத்திருக்கிறது. அதைத் தழுவி இந்தியாவிலும் 2015-ஆம் ஆண்டின் தேசியத் தொழில் வகைப்பாடு எட்டு இலக்க எண்களுடன் இருக்கிறது. ஆயினும் குடியேற்ற விண்ணப்பத்திற்கு நம் நாட்டு எண் உதவாது. எந்த நாட்டிற்குப் போக விரும்புகிறீர்களோ அந்த நாட்டின் வகைப்பாட்டில்தான் உங்கள் வேலையைத் தேடி எடுக்க வேண்டும்.

என்.ஓ.சி. எண் வேண்டும் என்கிறார்கள். அது தடையில்லாச் சான்றா?

இல்லை. இந்தக் குழப்பத்தால் ஒரு பெண் தாலுகா அலுவலகத்திற்கு இரண்டு நாள் அலைந்திருக்கிறார், ஆகவே தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நம் ஊரில் என்.ஓ.சி. என்றால் தடையில்லாச் சான்று. கனடாவின் விண்ணப்பத்தில் அதே மூன்றெழுத்து அந்நாட்டின் தேசியத் தொழில் வகைப்பாட்டைக் குறிக்கிறது. அதை யாரும் உங்களுக்கு வழங்க மாட்டார்கள். பட்டியலைப் படித்து நீங்களேதான் தேர்ந்தெடுக்க வேண்டும்; தேர்ந்தெடுத்ததை மெய்ப்பிக்கும் பொறுப்பும் உங்களுடையதே.

கனடாவின் ஐந்து இலக்கங்களை எப்படிப் படிப்பது?

2021-ஆம் ஆண்டு வகைப்பாட்டில் 516 தொழிற்பிரிவுகள் உள்ளன. முதல் இலக்கம் துறையைச் சொல்லும்: 2 என்றால் அறிவியலும் தொழில்நுட்பமும், 3 என்றால் மருத்துவம், 4 என்றால் கல்வி, சட்டம், சமூகப் பணி, 6 என்றால் விற்பனையும் சேவையும், 7 என்றால் கைத்தொழிலும் போக்குவரத்தும், 8 என்றால் வேளாண்மையும் இயற்கை வளமும், 9 என்றால் உற்பத்தி. உங்கள் விண்ணப்பத்தின் தலையெழுத்து இருப்பது இரண்டாவது இலக்கத்தில். அதை டீர் என்கிறார்கள். பயிற்சி, கல்வி, அனுபவம், பொறுப்பு ஆகிய நான்கையும் சேர்த்துப் பார்த்த நிலை அது. 0 என்பது மேலாண்மை, 1 என்பது பொதுவாகப் பல்கலைக்கழகப் பட்டம் வேண்டும் வேலை, 2 என்பது இரண்டாண்டோ அதற்கு மேலோ பட்டயப் படிப்பு அல்லது தொழிற்பயிற்சி வேண்டும் வேலை, அல்லது மேற்பார்வைப் பொறுப்புள்ள வேலை. 3 என்பது அதைவிடக் குறுகிய படிப்பு அல்லது ஆறு மாதத்திற்கு மேற்பட்ட பணியிடப் பயிற்சி வேண்டும் வேலை. 4 பள்ளிப் படிப்போ சில வாரப் பயிற்சியோ போதுமான வேலை. 5 வேலையைச் செய்து காட்டினால் கற்றுக்கொண்டுவிடக்கூடிய வேலை.

திறன் பணியாளர் விண்ணப்பங்களைக் கனடா தேர்ந்தெடுக்கும் எக்ஸ்பிரஸ் என்ட்ரி என்னும் திட்டத்தில் 0 முதல் 3 வரையுள்ள நிலைகளில் பெற்ற அனுபவம் மட்டுமே எடுத்துக்கொள்ளப்படும். ஆகவே 92012 (டீர் 2) என்ற எண்ணுக்கும் 94140 (டீர் 4) என்ற எண்ணுக்கும் இடையில் இருப்பது வெறும் எண் வேறுபாடு அன்று. முன்னது உள்ளே செல்ல வழிவிடும், பின்னது விடாது.

என் பணிப்பெயரைத் தேடுபெட்டியில் போட்டு வருகிற எண்ணை எடுத்துக்கொள்ளலாமா?

தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். மற்ற ஊர்களில் எப்படியோ, நம் மலைகளில் பணிப்பெயரை நம்பி எண் தேடியவர்களே அதிகம் ஏமாந்திருக்கிறார்கள். தோட்டங்களில் நாம் வழங்கும் பெயர்கள் வெள்ளைக்காரத் துரைகள் காலத்தில் வைத்தவை. அவற்றுக்கு இங்கே ஒரு பொருள், கனடாத் தலைநகர் ஒட்டாவாவில் உட்கார்ந்து கோப்பைப் புரட்டுகிறவருக்கு வேறு பொருள். தோட்டத்துக் கண்டக்டர் என்றால் நமக்கு மலைக்காட்டில் ஆள் பிரித்து, கவ்வாத்தும் (செடியை வெட்டிச் சீராக்குதல்) கொழுந்தெடுப்பும் பார்க்கிறவர். வெளிநாட்டு அதிகாரிக்கு அவர் ரயிலில் பயணச்சீட்டு பார்க்கிறவர் அல்லது இசைக்குழுவை நடத்துகிறவர். ரைட்டர் என்றால் நமக்கு பேர்ப்பதிவும் செக்ரோல் என்னும் வருகை, கூலிப் பதிவேடும் எழுதுகிறவர். அங்கே அவர் நூலாசிரியர். டீ மேக்கர் என்றால் நமக்குத் தொழிற்சாலையின் உற்பத்திப் பொறுப்பாளர். அங்கே அவர் தேநீர்க் கடையில் தேநீர் போடுகிறவர். மாஸ்டர் என்ற சொல்லோ இங்கே பள்ளி, பேக்கரி, தையற்கடை, டீக்கடை எல்லாவற்றிலும் இருக்கிறது.

குடியேற்ற விதி பணிப்பெயரைப் பார்ப்பதே இல்லை. ஒவ்வொரு குறியீட்டின் கீழும் முதலில் ஒரு முகப்புக் கூற்று இருக்கும். அதற்குக் கீழே முதன்மைப் பணிகள் வரிசையாக இருக்கும். முகப்புக் கூற்றில் சொல்லியிருப்பதை நீங்கள் செய்திருக்க வேண்டும். முதன்மைப் பணிகளில் இன்றியமையாதவை அனைத்தையும் உள்ளடக்கிய கணிசமான பகுதியையும் செய்திருக்க வேண்டும். அவர்கள் வைத்திருக்கும் அளவுகோல் இதுதான். எனவே பட்டியலைத் திறப்பதற்கு முன்பே ஒரு தாளில் நீங்கள் காலை முதல் மாலை வரை செய்யும் வேலையைத் தமிழிலேயே எழுதிவிடுங்கள். பட்டியலைப் பார்த்த பிறகு எழுதினால் கை தானாகவே பட்டியலுக்கு ஏற்ப எழுதத் தொடங்கிவிடும்.

சரி, டீ மேக்கருக்கு எந்த எண்?

என் அக்காள் மகனுக்கு இந்தக் கேள்வி வந்தபோது நடந்ததைச் சொல்கிறேன். கோத்தகிரிப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஆறு ஆண்டுகள் டீ மேக்கராக இருந்தான். தாளில் எழுது என்றதும், "உற்பத்தி வேலைகளைக் கவனித்தல்" என்று ஒரே வரி எழுதிவிட்டு நிமிர்ந்து பார்த்தான். நான் தாளை வாங்கி வைத்துவிட்டு, "ராத்திரி ஷிப்டுக்கு உள்ளே போனதும் முதல்ல என்னடா செய்வே?" என்று கேட்டேன்.

"இலை வாட்டுற வித்தரிங் ட்ரஃப் பக்கம் போவேன் மாமா. இலையைக் கைநிறைய அள்ளி இறுக்கிப் பிடிச்சுட்டு விடுவேன். பந்து மாதிரி நின்னா வாட்டம் போதும். சடசடன்னு விரிஞ்சா இன்னும் காத்து வேணும், ஃபேன்காரரிடம் சொல்லுவேன்." பிறகு, வாடிய இலையை நசுக்கிக் கிழித்துச் சுருட்டும் சி.டி.சி. இயந்திரத்தின் உருளைகளின் கூர்மை மழுங்கியிருக்கிறதா என்று பார்த்து மாற்றச் சொல்வது, புளிக்கும் தூளின் நிறமும் மணமும் திரும்பும் நேரத்தைக் கணித்து டிரையருக்கு அனுப்பச் சொல்வது, டிரையர் வாயில் வரும் தூளை வெள்ளைத் தாளில் பரப்பி வேகலும் கருகலும் பார்ப்பது, வராதவருக்குப் பதில் யாரை எந்த இயந்திரத்தில் நிறுத்துவது என்று முடிவு செய்வது, புதிதாக வந்தவருக்கு இயந்திரத்தில் கை சிக்காமல் வேலை பழக்குவது, விறகும் உதிரிப் பாகமும் தீரும் முன் அலுவலகத்தில் எழுதிக் கேட்பது, எத்தனை கிலோ பச்சை இலைக்கு எத்தனை கிலோ தூள் இறங்கிற்று என்று காலையில் பதிவேட்டில் எழுதுவது என்று ஒரு மணி நேரம் பேசினான். அந்தத் தாள் இரண்டு பக்கம் நிறைந்தது.

இப்போது பட்டியலைத் திறந்தோம். உணவு, பானப் பதப்படுத்தலில் மேற்பார்வையாளர் என்ற 92012-இன் கீழ், பதப்படுத்தும் இயந்திரங்களை இயக்குவோரின் வேலையை ஒருங்கிணைத்தல், வேலைத் திட்டம் வகுத்தல், தரமும் உற்பத்தியும் உயர வழி சொல்லுதல், பொருள்கள் கேட்டு எழுதுதல், பயிற்சி தருதல், உற்பத்தி அறிக்கை தயாரித்தல் என்றிருந்தது. அவன் செய்தது அதுவே. அதே தொழிற்சாலையில் அவன் சொற்படி சி.டி.சி. இயந்திரத்தை ஓட்டியவருக்கு 94140 என்ற இயக்குநர் எண்தான் பொருந்தும். அது டீர் 4. பெயரளவில் டீ மேக்கர் என்று இருந்து, நாள் முழுவதும் தாமே ஓர் இயந்திரத்தின் முன் நிற்பவர்களும் சிறு தொழிற்சாலைகளில் இருக்கிறார்கள். அவர்களுக்கும் 94140-தான். கசப்பாக இருந்தாலும் உண்மை அதுவென்றால் அதையே ஏற்க வேண்டும்.

தோட்டத்தில் மேற்பார்வை செய்கிறவருக்கு?

ஆள்களை மேய்த்து, வேலை பிரித்து, மருந்தடிப்பும் உரமிடலும் கவ்வாத்தும் கண்காணிக்கும் கண்டக்டர், சூப்பர்வைசர் போன்றோர் பண்ணை மேற்பார்வையாளர்கள் இடம்பெறும் 82030-ஐப் படித்துப் பார்க்க வேண்டும். அது டீர் 2. தோட்டம் முழுவதன் வரவுசெலவு, விற்பனை, பணியமர்த்தல் ஆகியவற்றை முடிவு செய்யும் மேலாளருக்கு 80020 என்ற வேளாண் மேலாளர் எண் உண்டு. அது டீர் 0. சின்னத்துரையாக, அதாவது உதவி மேலாளராக, இருந்தவர்கள் இவ்விரண்டுக்கும் நடுவே தடுமாறுகிறார்கள். பணத்தைப் பற்றியும் ஆள் எடுப்பது பற்றியும் முடிவு உங்கள் கையில் இருந்ததா, பெரியதுரையான மேலாளர் எடுத்த முடிவை நீங்கள் நடத்தி வைத்தீர்களா என்பதை நேர்மையாகக் கேட்டுக்கொண்டால் விடை கிடைத்துவிடும்.

இங்கே இன்னொரு செய்தியும் உண்டு. 82, 92 என்று தொடங்கும் எண்கள் கனடாவின் கைத்தொழில் திறனாளர் பிரிவிலும் வருகின்றன. அந்தப் பிரிவுக்குக் கடந்த ஐந்தாண்டுகளில் இரண்டாண்டு அனுபவம் வேண்டும். படிப்புக்குக் கட்டாயம் இல்லை. மொழித் தேர்வின் அளவும், சி.எல்.பி. என்னும் கனடா மொழி அளவுகோலில், பேசுவதிலும் கேட்பதிலும் 5, படிப்பதிலும் எழுதுவதிலும் 4 என்று குறைவாகவே உள்ளது. ஆனால் ஓராண்டுக்காவது முழுநேர வேலை தருவதாகக் கனடா முதலாளியின் கடிதமோ, அங்குள்ள மாகாணத்தின் தகுதிச் சான்றோ இருக்க வேண்டும். நம்மவர்கள் தடைபட்டு நிற்பது இந்த இடத்தில்தான்.

பேக்கரியிலும் ஓட்டலிலும் வேலை செய்கிறவர்களுக்கு?

ஊட்டி வர்க்கி போடும் மாஸ்டர், மாவு பிசைந்து, மடித்து, அடுப்பின் சூடு பார்த்துச் சுட்டு எடுப்பவராக இருந்தால் 63202 என்ற பேக்கர் எண்ணைப் பார்க்கலாம். சமையற்காரருக்கு 63200. இரண்டும் டீர் 3. உணவுப் பட்டியலைத் திட்டமிட்டு, மற்ற சமையற்காரர்களை நடத்தி, பெரிய விருந்துகளுக்குப் பொறுப்பேற்பவருக்கு 62200 என்ற செஃப் எண். அது டீர் 2. ஓட்டலில் எல்லோரையும் செஃப் என்று அழைக்கிறார்கள் என்பதற்காக 62200-ஐ எடுத்துவிடக் கூடாது. காய் நறுக்கி, பாத்திரம் கழுவி, மேசைக்கு எடுத்துக் கொடுத்தவருக்கு உரியது 65201; டீர் 5. வரவேற்பு மேசையில் அறை ஒதுக்குகிறவருக்கு 64314. அது டீர் 4 என்பதால் எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் கணக்கில் வராது. தங்கும் விடுதியை முழுப்பொறுப்பில் நடத்துகிற மேலாளருக்கு 60031.

எஸ்டேட் ஆஸ்பத்திரி நர்ஸ், பள்ளி மேட்ரன் ஆகியோருக்கு?

பதிவு பெற்ற செவிலியராக நோயாளியை மதிப்பிட்டு, மருந்து கொடுத்து, பராமரிப்பைத் திட்டமிட்டவருக்கு 31301. குளிப்பாட்டுதல், உணவூட்டுதல், படுக்கை மாற்றுதல் போன்ற உதவிகளைச் செய்தவருக்கு 33102. அனுபவத்தை எடைபோடும்போது பார்க்கப்படுவது நீங்கள் செய்த பணி. கனடாவில் செவிலியராக வேலை செய்யும் உரிமம் வேறு, அதை அந்தந்த மாகாணத்தின் செவிலியர் ஒழுங்குமுறை அமைப்பு தருகிறது. இவை இரண்டையும் ஒன்றாக்கிக்கொண்டு மனம் தளர்ந்துவிடுகிறவர்கள் பலர்.

உறைவிடப் பள்ளிகள் நிறைந்த ஊட்டியிலும் கொடைக்கானலிலும் மேட்ரன் என்ற பெயர் பரவலாக இருக்கிறது. சில பள்ளிகளில் அவர் நோயுற்ற பிள்ளைகளைக் கவனிக்கும் செவிலியர். சில பள்ளிகளில் துணிமணியும் படுக்கையும் பார்த்துக்கொள்ளும் விடுதிப் பொறுப்பாளர். பெயரை விட்டுவிட்டுப் பணியைச் சொல்லுங்கள். உயர்நிலைப் பள்ளி ஆசிரியருக்கு 41220, தொடக்கப் பள்ளி ஆசிரியருக்கு 41221, வகுப்பில் ஆசிரியருக்குத் துணை நிற்பவருக்கு 43100.

நான் பேக்கரியில் சுடவும் செய்தேன், கடையில் விற்கவும் செய்தேன், ஜீப் ஓட்டிச் சரக்கும் கொண்டுபோனேன். எந்த எண்?

நம் ஊர்ச் சிறு கடைகளில் ஒருவர் மூன்று வேலை பார்ப்பது இயல்பே. நாளின் பெரும்பகுதி எந்த வேலையில் கழிந்தது, எந்த வேலைக்காக உங்களைச் சம்பளத்திற்கு வைத்தார்கள் என்பதைக் கொண்டு முதன்மைத் தொழிலை முடிவு செய்யுங்கள். மற்ற வேலைகளை மறைக்க வேண்டியதில்லை; கடிதத்தில் அவற்றையும் ஒரு வரியில் குறிப்பிடுவதே நம்பத்தகுந்ததாக இருக்கும். ஆனால் சுட்டது காலை இரண்டு மணி நேரமும் விற்றது எட்டு மணி நேரமும் என்றால், நீங்கள் பேக்கர் அல்லர்.

ஓராண்டு அனுபவம் என்பதை எப்படிக் கணக்கிடுவது? சீசன் வேலை சேருமா?

கனடாவின் கூட்டாட்சித் திறன் பணியாளர் பிரிவில் கடந்த பத்தாண்டுகளுக்குள், இடைவிடாத ஓராண்டு, சம்பளத்துடன், உங்கள் முதன்மைத் தொழில் என்று சொல்லும் அதே தொழிலில் வேலை செய்திருக்க வேண்டும். வாரம் 30 மணி நேரம் முழுநேரமாகக் கொள்ளப்படும். ஓராண்டுக்கு 1,560 மணி நேரம். வாரத்தில் 60 மணி நேரம் உழைத்து ஆறு மாதத்தில் முடித்துவிட முடியாது, 30-க்கு மேற்பட்டது கணக்கில் வராது. வாரம் 15 மணி நேரமாக இரண்டாண்டு செய்தாலும் ஏற்பார்கள்.

ஊட்டியில் ஏப்ரல், மே சீசனுக்கு மட்டும் ஓட்டல்களில் ஆள் எடுப்பார்கள். ஜூனில் மழை இறங்கியதும் நிறுத்திவிடுவார்கள். அப்படி ஐந்து சீசன்கள் சேர்த்தாலும் அது இடைவிடாத ஓராண்டு ஆகாது. பெற்றோர் கடையில் சம்பளமின்றி உதவியதும், சம்பளமில்லாப் பயிற்சியும் சேராது.

முதலாளியிடமிருந்து வாங்கும் கடிதம் எப்படி இருக்க வேண்டும்?

"இவர் எங்கள் நிறுவனத்தில் இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை பணியாற்றினார், நன்னடத்தை உடையவர், அவர் எதிர்காலம் சிறக்க வாழ்த்துகிறோம்." நான் எழுதிய நூற்றுக்கணக்கான சான்றுகள் இப்படித்தான் இருந்தன. கனடா விண்ணப்பத்திற்கு இந்தக் காகிதத்தால் பயனில்லை. நிறுவனத்தின் முகவரி அச்சிட்ட தாளில், உங்கள் பெயர், நிறுவனத்தின் தொடர்பு விவரம், நீங்கள் வகித்த ஒவ்வொரு பணியும் அதன் தொடக்க, முடிவுத் தேதிகளும், ஒவ்வொன்றிலும் செய்த கடமைகள், வாரத்திற்கு எத்தனை மணி நேரம், ஆண்டுச் சம்பளமும் பிற சலுகைகளும், இப்போதும் அங்கே வேலை செய்கிறீர்களா என்பது, இத்தனையும் இருந்து, உங்கள் நேரடி மேலதிகாரியோ பணியாளர் அலுவலரோ பெயரும் பதவியும் எழுதிக் கையொப்பமிட வேண்டும். கடிதம் தமிழில் இருந்தால் மொழிபெயர்ப்பும், மொழிபெயர்ப்பாளரின் உறுதிமொழிப் பத்திரமும் சேர்க்க வேண்டும்.

அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். முதலாளிகள் இப்படிக் கடிதம் தர மறுப்பதற்குப் பெரும்பாலும் பகை காரணம் அன்று. நீளமாக எதையாவது எழுதிக் கொடுத்தால் நாளைக்குத் தொழிலாளர் நீதிமன்றத்தில் கேட்பார்களோ என்ற அச்சம். இராஜினாமா கொடுத்த அன்றே சூடாகப் போய்க் கேட்காதீர்கள். நீங்கள் எழுதிய கடமைப் பட்டியலை எடுத்துக்கொண்டு, வேலையில் இருக்கும்போதே, உங்கள் வேலையைக் கண்ணால் பார்த்த மேலதிகாரியிடம் முதலில் காட்டுங்கள். அவர் ஒப்புக்கொண்ட பட்டியலை அலுவலகமும் மறுக்காது.

பட்டியலில் உள்ள பணிகளை அப்படியே கடிதத்தில் எழுதிவிட்டால் பாதுகாப்பாக இருக்காதா?

அதைவிடப் பாதுகாப்பற்ற செயல் வேறில்லை. பட்டியலின் சொற்களை வரிக்கு வரி பெயர்த்து எழுதிய கடிதத்தை ஒரு நாளில் பலமுறை பார்க்கும் அதிகாரிக்கு அது உடனே தெரிந்துவிடும். அத்தகைய கடிதத்திற்கு அவர் மதிப்புக் கொடுக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. இலையைக் கையில் பிடித்துப் பார்த்து வாட்டம் கணிப்பவர் என்று எழுதினால், அதை வேறெங்கிருந்தும் பெயர்த்து எழுதியிருக்க முடியாது என்பது படிக்கிறவருக்கு விளங்கும். செய்யாத பணியைச் செய்ததாக எழுதுவதோ பொய்யுரை. பொய்யுரை என்று முடிவானால் கனடாச் சட்டப்படி ஐந்தாண்டுகள் அந்நாட்டிற்குள் நுழையத் தடை உண்டு.

சம்பளத்தைக் கையில்தான் கொடுத்தார்கள். எப்படி மெய்ப்பிப்பது?

பி.எஃப். கணக்கு இருந்தால் மாதந்தோறும் கட்டிய தொகை அதில் தெரியும், ஈ.எஸ்.ஐ. பதிவு, பணி நியமன ஆணை, சம்பளச் சீட்டு, வருமான வரிக் கணக்கு ஆகியவையும் துணை நிற்கும். எதுவுமே இல்லையென்றால் கடிதம் ஒன்றை மட்டும் நம்பி விண்ணப்பிப்பது ஆபத்து. இன்று முதல் வங்கி வழியாகச் சம்பளம் கேட்டு வாங்கி, ஓராண்டு கழித்து விண்ணப்பிப்பதே நல்லது. சொந்தமாக ஹோம்ஸ்டே, டாக்ஸி, பேக்கரி நடத்துகிறவர்கள் தமக்குத் தாமே கடிதம் எழுதிக்கொள்ள முடியாது; தொழில் உரிமைப் பதிவு, வருமானச் சான்று, வாடிக்கையாளர்கள் பணியையும் கொடுத்த பணத்தையும் குறிப்பிட்டுத் தரும் ஆவணங்கள் வேண்டும்.

ஆஸ்திரேலியாவிற்கும் பிரிட்டனுக்கும் இதே எண்கள் செல்லுமா?

செல்லாது. ஆஸ்திரேலியாவில் விசாப் பட்டியல்கள் பயன்படுத்தி வந்த வகைப்பாட்டில் எண் ஆறு இலக்கம்: செஃப் 351311, சமையற்காரர் 351411, பேக்கர் 351111. அந்நாட்டின் புள்ளியியல் துறை 2024 டிசம்பரில் ஓஸ்கா என்ற புதிய வகைப்பாட்டை வெளியிட்டது. ஆகவே உங்கள் விசாவின் பட்டியல் எதைப் பின்பற்றுகிறது என்பதை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். அங்கே விண்ணப்பத்திற்கு முன்பே, அந்தத் தொழிலுக்கென நியமிக்கப்பட்ட அமைப்பு உங்கள் படிப்பையும் அனுபவத்தையும் மதிப்பிட்டுச் சான்று தர வேண்டும்.

பிரிட்டனில் எண் நான்கு இலக்கம், அதைத் தேர்ந்தெடுப்பதும் உங்களை அழைக்கும் முதலாளியே. 2025 ஜூலை 22 முதல் பட்டப்படிப்பு நிலை வேலைகளுக்கே பெரும்பாலும் புதிய அனுமதி; பொதுவான சம்பள வரம்பு ஆண்டுக்கு 41,700 பவுண்டு. பராமரிப்புப் பணியாளர்களை வெளிநாட்டிலிருந்து புதிதாக எடுப்பதும் அன்றே நிறுத்தப்பட்டது. அந்த வேலை வாங்கித் தருவதாக இன்னும் பணம் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள், நம்பாதீர்கள்.

நாலு வருடம் முன்பு போன என் சித்தி மகன் நான்கு இலக்க எண் சொல்கிறான். எது சரி?

அவர் போனபோது அது சரி. கனடாவின் குடியேற்றத் துறை 2022 நவம்பர் 16 அன்று ஐந்து இலக்க வகைப்பாட்டிற்கு மாறியது. மாறியபோது சிலருக்குக் கதவு திறந்தது: செவிலியர் உதவியாளரும் நெடுந்தூர லாரி ஓட்டுநரும் முன்பு தகுதி பெறாத நிலையில் இருந்தார்கள், இப்போது 33102, 73300 என்று டீர் 3-இல் இருக்கிறார்கள். எண்ணைப் போலவே விதிகளும் மாறுகின்றன: எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் வேலை வாய்ப்புக் கடிதத்திற்குத் தரப்பட்ட கூடுதல் மதிப்பெண் 2025 மார்ச் 25 முதல் நீக்கப்பட்டுவிட்டது. உறவினர் அன்போடு சொல்வதை மரியாதையுடன் கேட்டுக்கொள்ளுங்கள். எண்ணை மட்டும் விண்ணப்பிக்கும் நாளில் அரசுத் தளத்தில் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

முகவரே எண்ணைத் தேர்ந்தெடுத்துத் தருவதாகச் சொல்கிறார். விட்டுவிடலாமா?

கனடாவிற்கான விண்ணப்பத்தில் பணம் வாங்கிக்கொண்டு உங்கள் சார்பில் செயல்பட, அந்நாட்டின் குடியேற்ற ஆலோசகர் கல்லூரியில் (பெயர்தான் கல்லூரி, உண்மையில் அது உரிமம் தரும் ஒழுங்குமுறை அமைப்பு) உரிமம் பெற்றவருக்கும், அங்குள்ள மாகாணச் சட்டச் சங்கத்தில் உறுப்பினராக உள்ள வழக்கறிஞர், பாராலீகல் என்னும் சட்டப் பணியாளர், கியூபெக் நோட்டரி ஆகியோருக்குமே அனுமதி. வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கும் முகவர், 1983-ஆம் ஆண்டு குடிபெயர்வோர் சட்டப்படி இந்திய அரசிடம் பதிவு செய்திருக்க வேண்டும். யாராக இருந்தாலும் பதிவு எண் கேளுங்கள். உங்கள் வேலையைப் பற்றி அரை மணி நேரமாவது கேள்வி கேட்காமல் எண் சொல்கிறவரிடம் கோப்பைக் கொடுக்காதீர்கள். கையொப்பம் உங்களுடையது, தடை வந்தாலும் அது உங்கள் பெயரில்தான் வரும்.

நான் வேலை செய்த தொழிற்சாலையே மூடிவிட்டது. கடிதத்திற்கு எங்கே போவது?

பச்சைத் தேயிலை விலை விழுந்த ஆண்டுகளில் மூடிய தொழிற்சாலைகளிலிருந்து வந்தவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும், ஏனெனில் அந்தப் பதிவேடுகள் எங்கே போயிருக்கும் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் வழி உண்டு. கடிதம் வாங்க ஏன் முடியவில்லை என்பதை நீங்களே ஒரு விளக்கக் கடிதமாக எழுதலாம். அதனுடன் நியமன ஆணை, சம்பளச் சீட்டு, பி.எஃப். பதிவு, வங்கிக் கணக்கு ஆகியவற்றைச் சேர்க்கலாம். அப்போது உங்களுக்கு மேலதிகாரியாக இருந்தவர் எங்கிருந்தாலும் தேடிப்பிடித்து, நீங்கள் செய்த வேலையை அவர் சொல்லில் உறுதிமொழிப் பத்திரமாக வாங்குங்கள். சென்ற மாதம் ஒருவர் இதற்காக எடப்பள்ளியில் தம் பழைய ஹெட் டீ மேக்கரைத் தேடிப் போனார். அந்தப் பெரியவர் பீரோவின் மேலிருந்து ஒரு பிஸ்கட் டப்பாவை இறக்கி, பதினொரு ஆண்டுக்கு முந்தைய ஷிப்டுப் பட்டியலை எடுத்துக் கொடுத்தார். பெயரும் இயந்திரமும் நேரமும் அதில் இருந்தன, ஓரமெல்லாம் பூஞ்சை பிடித்திருந்தது. உங்கள் வீட்டிலும் அப்படிக் காகிதம் இருந்தால், இந்த மழைக்கு முன் வெயிலில் காயவைத்து, படம் எடுத்து வைத்துவிடுங்கள்.